ஆடாதீங்க சாரும் நெகட்டிவ்வும்

"வனவிலங்குப் புகைப்படக் கலைஞர். அஞ்சா நெஞ்சர். பாயும் புலியைப் பாயும் கணத்திலேயே படம்பிடிக்கும் வேகம் வாய்ந்தவர். விலங்குகளின் மொழி அறிந்தவர். அடர்ந்த கானகமே இவரது ஸ்டூடியோ."

புகைப்படக் கலைஞர்கள் சங்கம் வெளியிட்ட உறுப்பினர் கையேட்டில் இவரைப் பற்றி இப்படித்தான் அச்சாகியிருக்கிறது. பக்கத்திலேயே மார்பளவுப் படமும் உண்டு. படத்தில் இருப்பவர் புலியைப் பிடித்தவராகத் தெரியவில்லை. புலி பிடித்துக்கொண்டுபோய், சற்று யோசித்து, வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டவர் போலத்தான் தெரிகிறார்.

அடர்ந்த கானகம் என்பது பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் உள்ள இரண்டு அறைகள். முன்னறையில் மனைவியின் மேஜை, கணினி, அச்சு இயந்திரம், படங்களை நறுக்கும் கத்தி. பின்னறையில் சுழலும் ஸ்டூல், நீலத்தில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றுமாக இரண்டு திரைகள், குடை விளக்குகள், ஸ்டாண்டில் கேமரா. சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி. அதன் ஆணியில் நூல் போட்டுக் கட்டிய சீப்பு. கட்டாத சீப்புகளெல்லாம் வாடிக்கையாளர்களோடு வெளியூர் போய்விட்டன. இன்னொரு ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. அது ஊருக்கே பொது. ஒல்லியானவர்கள் போட்டால் முதுகுப் பக்கம் இரண்டு துணிக் கிளிப் மாட்டுவார்கள். பருமனானவர்கள் போட்டால் பொத்தானை மறந்துவிடச் சொல்வார்கள். நேர்முகத் தேர்வுக்குப் போன எங்கள் ஊர்க்காரர் அத்தனை பேரும் விண்ணப்பத்தில் ஒரே கோட்டோடுதான் போயிருக்கிறார்கள்.

இவர் வாழ்நாளெல்லாம் எடுத்தது விண்ணப்பப் படம், அடையாள அட்டைப் படம், பாஸ்போர்ட் படம். மூன்றும் ஒன்றுதான். பிறகு வனவிலங்கு எப்படி வந்தது என்றால், ஒவ்வொரு பிரிவிலும் ஒருவராவது இருந்தால்தான் அங்கீகாரம் தருவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. சங்கத்துக்காரர்கள் எல்லோரும் கல்யாணப் பிரிவிலேயே நின்றார்கள், யாரும் நகரவில்லை. கூட்டம் நடந்த அன்று இவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தார். வராதவர் தலையில் வைப்பதுதான் எல்லாச் சங்கங்களின் மரபும். பல்லோடு போனவர், பல் இல்லாமல் திரும்பி வந்தபோது புலி பிடித்தவராகியிருந்தார். வருணனை முழுக்கச் சங்கச் செயலாளரின் கைவண்ணம்.

உண்மையில் இவருக்கு அசைகிற எதுவும் ஆகாது. மின்விசிறி ஓடினாலே பின்திரை ஆடுகிறது என்று நிறுத்திவிடுவார். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பது பழமொழி. இவர் விஷயத்தில் நாயைக் கண்டால் இவரையே காணோம். ஸ்டூலில் உட்கார்ந்தவர்களிடம் இவர் பேசுவதும் மிகக் கொஞ்சம். "ஆடாதீங்க. தலையக் கொஞ்சம் தூக்குங்க. ஆடாதீங்க." இரண்டு விரலால் தாடையைத் தொட்டு நூலளவு உயர்த்துவார். பிறகு கேமராவுக்குப் பின்னால் போவார். 'க்ளிக்' என்ற சத்தம் வரும் வரைக்கும் உட்கார்ந்திருப்பவர் மூச்சு விடுவது சந்தேகம். சத்தம் வந்ததும் காற்றுப் போன டயர் மாதிரி தோள் இறங்கும், தொப்பை திரும்பி வரும், மனிதர் மனிதராவார். அதற்காகவே சத்தம் பெரிதாக வருகிற பழைய கேமராவை இவர் மாற்றவே இல்லை. ஊரில் இவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. ஆடாதீங்க சார் என்றால் குழந்தையும் கடையைக் காட்டும்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் மகள் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தாள். வெளியூரில் வேலை பார்க்கிறாள். விடுதி வாசலில் கிடந்ததாம். விடுதிக்காரி உள்ளே விடவில்லையாம். "ரெண்டு நாளைக்குத்தாம்ப்பா" என்றாள். இரண்டு நாளைக்கு என்று வந்தது எதுவும் அந்த வீட்டிலிருந்து இரண்டு நாளில் போனதில்லை. மனைவியின் அண்ணன் வந்ததும் இரண்டு நாளைக்குத்தான். அவர் கூடத்துக் கட்டிலில் இப்போதும் இருக்கிறார்.

உடம்பு கறுப்பு, முகம் வெள்ளை, அந்த வெள்ளையில் கண்ணைச் சுற்றி மறுபடி கறுப்பு. பழைய பிலிம் சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் மனிதர்கள் எப்படித் தெரிவார்களோ அப்படி இருந்தது. மனைவி அதற்கு நெகட்டிவ் என்று பெயர் வைத்தார். மகள் ஊருக்குப் போய்விட்டாள். அதன்பிறகு இவரும் நெகட்டிவ்வும் ஒரே கட்டடத்தில் இயங்கும் இரண்டு அரசுத் துறைகள் போல வாழ்ந்தார்கள். நேரடித் தொடர்பு கிடையாது. எல்லாம் மனைவி வழியாகத்தான். அது கூடத்தில் இருந்தால் இவர் கொல்லையில். அது கொல்லைக்கு வந்தால் இவருக்கு ஸ்டூடியோவில் அவசர வேலை.

முதலில் குரல்தான் மாறியது. குட்டி குரைத்தால் தொண்டை கட்டிய மேடைப் பேச்சாளர் மாதிரி வந்தது. பிறகு கால். வாசலுக்கும் கொல்லைக்கும் ஒரு ஓட்டம் ஓடினால் பின்கால்கள் மடங்கி உட்கார்ந்துவிடும். கொஞ்சம் படுத்து எழுந்தால் ஓடும், மறுபடி மடங்கும். பிறகு சாப்பாடு. ஆசையாகத் தின்னும். சற்று நேரம் கழித்து, வாந்திக்குரிய எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல், தின்றது தின்றபடியே வெளியே வரும். கடன் வாங்கியதைத் திருப்பி வைக்கிற மாதிரி.

மைத்துனர் இதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். "இது வியாதியே இல்ல மாப்ள. திமிரு. ஓடச் சொன்னா படுத்துக்குது, சோத்துக்குக் கூப்பிட்டா எந்திரிக்குது."

மனைவி காய்கறி நறுக்கிக்கொண்டே அண்ணனுக்குச் சொன்னார்: "அப்ப உனக்கும் சேத்து ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துரலாம்ண்ணே."

கால்நடை மருத்துவர் ஒரு பெண்மணி. வார்த்தையை மருந்து போல அளந்து கொடுப்பவர். எக்ஸ்ரே படம் எடுத்தார், ரத்தம் எடுத்தார், ரத்தத்தை எங்கோ அனுப்பினார். பதில் வந்த அன்று இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். உடம்பில் நோயை எதிர்க்கிற படை ஒன்று இருக்கிறது. அது வெளியாளை அடிக்க வேண்டும். இந்தக் குட்டிக்கு அந்தப் படை, நரம்பும் தசையும் சேருகிற இடத்தைப் போய் அடிக்கிறது. மூளை நட என்று சொல்கிறது. காலுக்குச் செய்தி பாதிதான் போய்ச் சேருகிறது.

"வேலியே பயிர மேயறதும்பாங்கல்ல, அதேதான்" என்றார். "வேலியப் பிடுங்கிப் போட முடியாது. கொஞ்சம் அடக்கி வெக்கலாம். மாத்திரை தொடர்ந்து குடுக்கணும். நின்னாலும் நிக்கும், நிக்காமலும் போகும்."

அதைவிடப் பெரிய விஷயம் உணவுக்குழாய். அதன் தசையும் தளர்ந்து பை மாதிரி தொங்கிவிட்டது; தின்றதை வயிற்றுக்குத் தள்ளுவதில்லை. தானாகக் கீழே இறங்கினால்தான் உண்டு. இறங்காமல் திரும்பி வந்து மூச்சுக்குழாயில் புகுந்தால் நுரையீரலில் சீழ் பிடிக்கும். அப்படி ஒரு தடவை போனாலே குட்டி பிழைப்பது கஷ்டம்.

"அதனால மனுஷன் மாதிரி நிமிர்த்தி உக்கார வெச்சுத்தான் ஊட்டணும். ஊட்டின பிறகும் அரை மணி நேரம் அப்படியே உக்காந்திருக்கணும். தலை தூக்கியே இருக்கணும். ஆடக் கூடாது."

மனைவி மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். அவர் சுவரில் மாட்டியிருந்த பசுவின் எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடியாது என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு, நான் யாரையும் தப்புச் சொல்வதில்லை என்று மருத்துவர் கடைசியாகச் சொன்னார். சொல்லிவிட்டு மேஜையைத் துடைக்கப் போனார். குட்டி மேஜைமேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, எல்லோரையும் சமமாக நம்பிக்கொண்டிருந்தது.

மகளிடம் போனில் சொல்வதற்குள் மனைவிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நெகட்டிவ்வுக்கு டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் நல்லதா கெட்டதா என்று அவள் மூன்று முறை கேட்டாள்.

வீட்டில் முதல் முயற்சி மைத்துனருடையது. பழைய அலமாரியின் இழுப்பறையை நிமிர்த்தி வைத்துக் காலடித்து ஒரு நாற்காலி செய்தார். மூச்சுப் பிடித்துச் செய்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வீட்டுக்கு வந்தபிறகு அவர் செய்த முதல் வேலை அது. நெகட்டிவ் அதில் உட்காரவில்லை, அதை அணிந்துகொண்டது. இழுப்பறையை முதுகில் சுமந்தபடி ஆமை போலக் கூடத்தைச் சுற்றி வந்து, மைத்துனரின் கட்டிலுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. கட்டிலைத் தூக்க மைத்துனர் எழ வேண்டியிருந்தது. அத்தோடு அவர் தச்சுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார்.

அடுத்தது தோள். மனைவி குழந்தையைப் போல நிமிர்த்தித் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார். மாத்திரையின் குணத்தால் அதற்கு எந்நேரமும் பசி. தோளில் இருந்தபடியே தோடு, கொண்டை ஊசி, ரவிக்கைக் கை என்று ஒவ்வொன்றாக ருசி பார்த்தது. மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு வேளை மைத்துனரிடம் கொடுத்துவிட்டு ஸ்டூடியோவுக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் மைத்துனர் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நெகட்டிவ் அவர் மடியில் மல்லாந்து படுத்து இருமிக்கொண்டிருந்தது. அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மனைவி அந்த இருமலைக் கேட்டுவிட்டார். மறுநாள் காலை குட்டியைத் தூக்கிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடு நேராக ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார்.

ஸ்டூடியோவில் ஒரு குழந்தை நாற்காலி உண்டு. தலை நிற்காத குழந்தைகளுக்காக உயரமான முதுகு வைத்துச் செய்தது. மனைவி நெகட்டிவ்வை அதில் இருத்தினார். முன்னால் ஒரு கட்டை போட்டார். அப்படியும் அது பக்கவாட்டில் சரிந்தது. ஆணியில் இருந்த பொதுக் கோட்டை எடுத்து அதன் மார்பைச் சுற்றிப் போட்டு, இரண்டு கைகளையும் நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் இழுத்துக் கட்டினார். பிசைந்த உணவைச் சின்னச் சின்ன உருண்டையாக ஊட்டி முடித்தார். அந்த நேரம் பார்த்து முன்னறையில் ஆள் வந்தது.

"என்னங்க, ஒரு நிமிஷம் இதப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு நிமிஷம் என்பது பொய் என்று அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

இவர் அறையின் மறுகோடியில் நின்றார். நெகட்டிவ் நெளிந்தது. கோட்டு அவிழ ஆரம்பித்தது. ஓடிவிடலாமா என்று இவர் கதவைப் பார்த்தார். நாயும் அதே எண்ணத்தோடு அதே கதவைத்தான் பார்த்தது. நாற்காலியில் ஒருவர் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறார், நெளிகிறார். இத்தனை வருஷப் பழக்கம், பயத்தைக் கேட்டுக்கொண்டா வேலை செய்யும்? கை தானாக விளக்கைப் போட்டது. கால் கேமராவுக்குப் பின்னால் போயிற்று. வாய் சொன்னது:

"ஆடாதீங்க."

நெகட்டிவ் நின்றுவிட்டது. காதைத் தூக்கிக்கொண்டு லென்ஸைப் பார்த்தது. அந்த உருண்டைக் கண்ணாடியில் அதற்கு என்ன தெரிந்ததோ. கொஞ்ச நேரம் கழித்துத் தலை தாழ்ந்தது. "தலையக் கொஞ்சம் தூக்குங்க" என்றார். சொன்னது பலிக்கவில்லை. முன்னால் வந்தார். கையை நீட்டினார், மடக்கினார், மறுபடி நீட்டினார். இரண்டு விரலால் அதன் தாடையைத் தொட்டு நூலளவு உயர்த்தினார். நாய் அந்த விரல்கள்மேல் தன் தலையின் பாரத்தை முழுதாக வைத்துவிட்டது.

அரை மணி நேரமும் விரல் அங்கேயே இருந்தது. நேரம் முடிந்ததும், எடுத்த காரியத்தை முடிக்காமல் விட மனம் வராமல், கேமராவுக்குப் போய் ஒரு 'க்ளிக்' வைத்தார். அதன்பிறகு மனைவி உள்ளே வந்து நாயை இறக்கிவிட்டார். கதவிடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒன்றும் பார்க்காதவர் போலத்தான் வந்தார். மத்தியானம் மகளுக்குப் போன் போட்டார்.

"உங்கப்பா அதத் தொட்டாரு."

"ஐயோ. கடிச்சுதா?"

"யாரு யார?"

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் ஸ்டூடியோவில். சாப்பிட்ட பிறகு கோட்டு, விளக்கு, ஆடாதீங்க. கேமராவுக்குப் பின்னால் இவர் நின்றால்தான் அது உட்காரும். தலை தாழும்போதெல்லாம் இவர் முன்னால் வந்து தாடைக்கு இரண்டு விரல் கொடுப்பார். மனைவி நின்று பார்த்தார், இறங்கப் பார்த்தது. மைத்துனர் நின்று பார்த்தார். கொட்டாவி விட்டது, மைத்துனரும் விட்டார். முடிவில் அந்தச் சத்தம் வந்தால் எழுந்துவிடலாம் என்பதை நெகட்டிவ் எங்கள் ஊர்க்காரர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டது. 'க்ளிக்' என்றால் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, கட்டையை மூக்கால் தள்ளிவிட்டு, தானே இறங்கிப் போகும்.

தொழிலுக்கு இதனால் சில விளைவுகள் ஏற்பட்டன. அந்தப் பருவத்தில் எடுக்கப்பட்ட விண்ணப்பப் படங்களை உற்றுப் பார்த்தால் கோட்டின் கழுத்துப்பட்டையில் வெள்ளை முடி தெரியும். வங்கித் தேர்வுக்குப் போன ஒருவருடைய படத்தைப் பார்த்துவிட்டு, கண்காணிப்பாளர் அவரை முகர்ந்து பார்த்ததாகச் சொல்கிறார்கள். பெண் வீட்டாருக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொள்ள வந்த வாலிபர், தனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது நாய் என்பதைப் பார்த்துவிட்டு, "அதுக்கும் வரன் பாக்கறாங்களா?" என்று கேட்டார். தனக்கு முன்னால் அதற்கு அமைந்துவிடுமோ என்ற கவலை அவர் முகத்தில் இருந்தது.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் சங்கச் செயலாளர் வந்தார். கண்காட்சி நடக்கப் போகிறது. மேலிடத்திலிருந்து நடுவர் வருகிறார். வனவிலங்குப் பிரிவில் ஒரு படமாவது வேண்டும். இல்லாவிட்டால் கையேட்டைப் பற்றிக் கேள்வி வரும். கழுத்தில் தன் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, முன்னறையில் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், திரையை விலக்கி உள்ளே வந்தார்.

நெகட்டிவ் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தது. கறுப்புக் கோட்டில், விளக்கொளியில், தலை நிமிர்ந்து, தீர்ப்புச் சொல்லப் போகிற நீதிபதி போல உட்கார்ந்திருந்தது. செயலாளர் மெய்ம்மறந்துபோனார்.

"அண்ணே" என்றார் குரலைத் தாழ்த்தி. "என்னமோன்னு நெனச்சேன். மெய்யாலுமே விலங்கு எடுக்கறீங்களே."

அவர் கேமராவை எடுப்பதை இவர் பார்த்துவிட்டார். கத்தினால் நாய் மிரளும். ஓடிப்போய்ப் பிடித்தாலும் மிரளும். அதனால் கையை மட்டும் மெல்ல உயர்த்தி, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். வாழ்நாளில் முதல்முறையாக இவர் தன் ஸ்டூடியோவில் ஆடியது அன்றைக்குத்தான். ஆனால் அந்தத் தொழிலில் கையை அப்படி உயர்த்தினால், 'பொறு, இன்னும் கொஞ்சம், முகபாவம் வரட்டும்' என்று அர்த்தம். செயலாளர் தொழில் தெரிந்தவர். பொறுத்தார். முகபாவம் வந்தது.

'க்ளிக்.'

நெகட்டிவ் இறங்கியது. கட்டையைத் தள்ளிவிட்டு, கோட்டை இழுத்துக்கொண்டு, விடுமுறை விட்ட பள்ளிக்கூடம் மாதிரி முன்னறைக்கு ஓடியது. மேஜைக்கு அடியில் கால் மடங்கி உட்கார்ந்தது. தின்றது வெளியே வந்தது. எல்லாம் வெளியே வரவில்லை. இருமியது. மறுபடி இருமியது.

செயலாளர் படத்தைத் தன் கேமராவின் பின்புறத்தில் காட்டி, அருமையாக வந்திருக்கிறது என்றார். யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் அதற்குக் காய்ச்சல். விலா எலும்புகள் துருத்தி போல ஏறி இறங்கின. மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, இங்கேயே இருக்கட்டும் என்றார். ஆக்ஸிஜன் வைத்தார், ஊசி போட்டார். பிழைக்கும் என்று அவர் சொல்லவில்லை. பிழைக்காது என்றும் சொல்லவில்லை.

மைத்துனர் மருத்துவமனை வாசல் பெஞ்சில் இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கட்டிலை விட்டு அவ்வளவு தூரம் வந்ததே அன்புதான். "மாப்ள, கோவிச்சுக்காத. நாய் வளக்கறது எதுக்கு? நமக்குக் காவலுக்கு. இதுக்கு நீ காவல் இருக்க. எத்தன நாளைக்கு? அதுவும் கஷ்டப்படுது. போறதுன்னா போகட்டுமே."

இவர் தன் சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளை முடி ஒன்றை எடுத்தார். பிறகு சொன்னார்: "உக்காத்தி வெச்சுட்டேன் மச்சான். எடுக்காம எப்படி எந்திரிச்சுப் போங்கன்னு சொல்றது?"

மைத்துனருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய், யாரும் சொல்லாமலே, சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்தார்.

காய்ச்சல் குறையத் தொடங்கியதும் வேறொரு தொல்லை. வாயால் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். கொடுத்தால் நிமிர்ந்து உட்கார வேண்டுமே. அங்கே இருந்த பணியாளர்கள் நல்லவர்கள், பலசாலிகள். ஆளுக்கொரு பக்கம் பிடித்தும் நெகட்டிவ் வழுக்கிக்கொண்டு படுத்தது. இவர் எழுந்து போனார். குழந்தை நாற்காலி, கோட்டு, குடை விளக்கு, ஸ்டாண்டு, கேமரா எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். நோயாளிகள் பிரிவில் விளக்கைப் போட்டார். பத்திரிகைக்காரர் வந்திருக்கிறார் என்று நினைத்துப் பக்கத்துக் கூண்டுப் பூனையின் சொந்தக்காரி தலை வாரிக்கொண்டாள்.

"ஆடாதீங்க" என்றார்.

நோயோடு இருந்த நாய் தலையைத் தூக்கியது. பூனைக்காரியும் தூக்கினாள். ஊசி போட வந்த பணியாளர் ஊசியோடு நின்றார். மருத்துவர் கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். அந்த வாரம் முழுக்க ஸ்டூடியோ பூட்டிக் கிடந்தது. கதவில் தொங்கிய அட்டையில் மனைவி எழுதியிருந்தார்: உரிமையாளர் படம் எடுக்கச் சென்றுள்ளார்.

நெகட்டிவ் வீடு திரும்பியது. எடை குறைந்து, காதுகள் மட்டும் அதே அளவில் இருந்ததால், காதுக்காக வளர்க்கப்பட்ட நாய் போல இருந்தது. ஸ்டூடியோவுக்கு வெளியே இவர் ஒரு பலகை மாட்டினார்: 'உள்ளே புகைப்படம் எடுக்கக் கூடாது.' மேலே 'உடனடி பாஸ்போர்ட் படம்' என்ற பழைய பலகையும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் தெருவிலேயே நின்று யோசித்தார்கள். உள்ளே வருகிறவர்களின் கைபேசிகளை மனைவி ஒரு தட்டில் வாங்கி வைத்தார். கைபேசியும் 'க்ளிக்' என்னும் அல்லவா?

ஆனால் நாய் உட்கார்ந்திருக்கும்போது 'க்ளிக்' கூடாது என்றால், காத்திருக்கும் வாடிக்கையாளர்களை என்ன செய்வது? பிழைப்பு நடக்க வேண்டும். வழி கண்டுபிடித்தவர் மனைவி. குழந்தை நாற்காலிக்கு அருகிலேயே ஸ்டூலைப் போட்டார். நாய் உட்காரும்போது வாடிக்கையாளரும் உட்கார வேண்டியது. இருவருக்கும் ஒரே ஆடாதீங்க. அரை மணி நேரம் கழித்து ஒரே 'க்ளிக்'. லென்ஸ் மட்டும் வாடிக்கையாளர் பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கும். உடனடி என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய அவமானம் நேர்ந்திருக்க முடியாது. சிலர் திட்டிக்கொண்டே அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். காரணம், இவர் எடுத்த படத்தைப் பாஸ்போர்ட் அலுவலகம் ஒருபோதும் திருப்பி அனுப்பவில்லை. சிரிப்புக் கூடாது, சினம் கூடாது, முகத்தில் எந்த உணர்ச்சியும் கூடாது என்பது அரசாங்கத்தின் விதி. ஒரு நாயின் பக்கத்தில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தவன் முகத்தில் உணர்ச்சி என்று என்ன மிஞ்சும்?

தொடர்ந்து மாத்திரை கொடுத்ததில் வேலி கொஞ்சம் அடங்கியது. இப்போது நெகட்டிவ் வாசலுக்கும் கொல்லைக்கும் இரண்டு சுற்று ஓடும். குரைத்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கால் மடங்குவது அபூர்வம். உணவுக்குழாய் மட்டும் அதே தொங்கிய பைதான். அது மாறாது, நாற்காலி அதன் ஆயுள் முழுக்க உண்டு என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இவர் தலையாட்டினார். வெளியூர் போவதில்லை, கல்யாணங்களுக்குப் போவதில்லை. முன்பும் போனதில்லைதான். இப்போது அதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

செயலாளர் எடுத்த படம் கண்காட்சிக்குப் போகவில்லை. அவர் அதை அழித்துவிட்டதாகச் சொன்னார். வனவிலங்குப் பிரிவுக்கு அவரே ஒரு காக்காயை எடுத்து இவர் பெயரில் வைத்தார். விலங்கிடம் இயல்பான அசைவு இல்லை என்று நடுவர் நிராகரித்தார். காக்காய் ஏன் அசையவில்லை என்பதைப் பற்றிச் சங்கத்தில் இன்றும் இரண்டு கருத்துகள் உண்டு.

குற்ற உணர்ச்சியோ என்னவோ, புதிய கையேடு அச்சாகும்போது செயலாளர் மறுபடி வந்தார். இம்முறை முன்னறையிலேயே நின்று, கேமராவையும் கைபேசியையும் தட்டில் வைத்துவிட்டு, உள்ளே சத்தம் கேட்கும் வரை காத்திருந்தார். நெகட்டிவ் சிலிர்த்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போயிற்று. பழையதை எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

"உள்ளத உள்ளபடி போட்டுர்றேண்ணே. நீங்களே சொல்லுங்க. என்னன்னு போட?"

இவர் கோட்டை உதறி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். "அப்படியே இருக்கட்டும்" என்றார். "மாத்தி அச்சடிச்சா எல்லாம் ஆடிப்போயிரும்."

அதனால் கையேட்டில் புலி இன்னும் பாய்ந்துகொண்டிருக்கிறது. இவர் எந்தப் புலியையும் பிடித்ததில்லை, எந்தக் காட்டுக்கும் போனதில்லை. தின்றதை உள்ளே தள்ள வலுவில்லாத ஒரு நாய்க்கு ஒவ்வொரு வேளையும் சோறு இறங்கும் வரை தாடைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார்.